22 சென்ட் நிலமும் கால்வயிற்று ரேஷனும்

முப்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம். நம் கணக்கில் ஏறக்குறைய 22 சென்ட். தெற்கு சூடானிலிருந்து எல்லை தாண்டி உகாண்டாவின் வடமேற்கு மூலைக்கு வந்துசேரும் ஒரு குடும்பத்துக்கு அங்கே அளந்துவிடப்படும் நிலம் அவ்வளவுதான். கையில் ஒரு தார்ப்பாய், சில கம்புகள், ஒரு மண்வெட்டி, சமையல் பாத்திரங்கள், தண்ணீர் கேன், போர்வை. வீட்டை அவர்களேதான் எழுப்பிக்கொள்ள வேண்டும். களிமண் சுவர், புல் வேய்ந்த கூரை, பின்பக்கம் கழிப்பறைக்கு ஒரு குழி. மிச்சமிருக்கும் இடத்தில் சோளமோ பீன்ஸோ மரவள்ளியோ போட்டுக்கொள்ளலாம்.

சுற்றிலும் முள்வேலி கிடையாது. அகதி நினைத்தால் பேருந்து ஏறி நகரத்துக்குப் போகலாம், கூலி வேலை பார்க்கலாம், கடை வைக்கலாம், உள்ளூர்ப் பிள்ளைகள் படிக்கிற அரசுப் பள்ளியிலேயே தன் பிள்ளையையும் சேர்க்கலாம். 2006-ல் இயற்றிய அகதிகள் சட்டத்திலும் 2010-ல் வந்த விதிகளிலும் உகாண்டா இந்த உரிமைகளை எழுதிவைத்திருக்கிறது. இதன் அருமை நமக்குப் புரியும். மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களை அறிந்தவர்கள் நாம். தணிக்கை நாளில் முகாமில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு இரண்டு தலைமுறை வளர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள்.

ஆப்பிரிக்காவிலேயே அதிக அகதிகளுக்கு இடம் கொடுத்திருக்கும் நாடு உகாண்டா. 18 லட்சம் பேருக்கு மேல் அங்கே இருக்கிறார்கள். பாதிக்கு மேல் தெற்கு சூடானியர்கள். அடுத்து காங்கோவிலிருந்து வந்தவர்கள். 2023-க்குப் பின் சூடானியர்களும் வந்துகொண்டிருக்கிறார்கள். 2016 ஜூலையில் தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவில் சண்டை மறுபடி வெடித்தபோது, யும்பே மாவட்டத்தில் புதரும் பாறையுமாகக் கிடந்த நிலத்தில் ஆகஸ்ட் மாதம் பிடிபிடி குடியிருப்பைத் திறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே இரண்டரை லட்சம் பேருக்கு மேல் குடியேறிவிட்டார்கள். நான்கே மாதத்தில் ஒரு மாவட்டத் தலைநகரம் அளவுக்கு ஓர் ஊர் முளைத்துவிட்டது. இடம் போதாமல் புதிதாக வருபவர்களை வேறு குடியிருப்புகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அந்த நிலம் யாருடையது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது கம்பாலா அரசாங்கத்தின் நிலமில்லை. மேற்கு நைல் பகுதியில் நிலம் வழிவழியாக வந்த குலச்சொத்து. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தது. உகாண்டாவிலேயே ஏழ்மையான பகுதிகளில் அது ஒன்று. அப்படிப்பட்ட மக்கள் முன்பின் பார்த்திராதவர்களுக்கு நிலத்தை விட்டுத்தருவானேன்?

அதற்குப் பதில் 1979-ல் இருக்கிறது. இடி அமீன் மேற்கு நைல்காரர். அவர் ஆட்சி கவிழ்ந்ததும் அவர் ஊர்க்காரர்கள் மீது புதிய ராணுவம் பழிதீர்க்க இறங்கியது. அமீனுக்கும் அவருடைய கொடுமைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத விவசாயிகளும் அதில் மாட்டிக்கொண்டார்கள். கிராமம் கிராமமாக மக்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். சிலர் அன்றைய ஜயருக்கு, பலர் இன்றைய தெற்கு சூடானுக்கு. அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். இன்று பிடிபிடியில் தார்ப்பாய்க்கு அடியில் இருப்பவர்களின் தாய் தகப்பன்மார்தான் அன்று அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். எல்லைக்கு இரு பக்கமும் காக்வா இனத்தவர் இருக்கிறார்கள், மாடி இனத்தவரும் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் வரைந்த கோடு ஒரே மொழி பேசுபவர்களை இரண்டாக அறுத்துப் போட்டது. போர் வரும்போதெல்லாம் அந்தக் கோட்டுக்கு ஒரு தடவை இந்தப் பக்கமும் மறு தடவை அந்தப் பக்கமுமாக அவர்கள் ஓடுகிறார்கள். அடைக்கலம் தந்தவரும் அடைக்கலம் கேட்டு வந்தவரும் ஒரு தலைமுறைக்குள் இடம் மாறிக்கொள்கிறார்கள்.

இது உகாண்டாவோடு நிற்பதில்லை. 2020-ல் டிக்ரே போரிலிருந்து தப்பி வந்த எத்தியோப்பியர்களை வரவேற்றது சூடான். 1980-களின் பஞ்சத்தில் வந்தவர்களுக்காகத் திறந்த உம் ரகூபா முகாமை அவர்களுக்காக மறுபடியும் திறந்தது. மூன்றே ஆண்டில் சூடானிலேயே போர் மூண்டு சூடானியர்களே ஓட வேண்டிவந்தது. சூடானில் தஞ்சம் புகுந்திருந்த தெற்கு சூடானியர்கள் வந்த வழியே ரென்க் ஊருக்குத் திரும்பினார்கள். ஒரு போரிலிருந்து இன்னொரு போருக்குள் நடந்து போவதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அகதி என்றதும் நம் மனதில் மத்தியதரைக் கடலில் கவிழும் படகுதான் வருகிறது. அந்தப் படகில் ஏறுபவர்கள் மிகச் சிலரே. உலக அகதிகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குப் பேரைப் பராமரிப்பவை ஏழை நாடுகளும் நடுத்தர வருமான நாடுகளும்தான். 2015-ல் 10 லட்சம் பேர் கடல் தாண்டி வந்ததும் 50 கோடி மக்கள் வாழும் ஐரோப்பிய ஒன்றியம் நெருக்கடி என்று அலறியது. 2 கோடிப் பேர் மட்டுமே உள்ள சாட் நாட்டுக்குள் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த சூடானியர்கள் 8 லட்சத்துக்கும் மேல். 2003 முதல் டார்ஃபூரிலிருந்து வந்த 4 லட்சம் பேர் அங்கே முன்பே இருந்தார்கள். உலகின் மிக ஏழை நாடுகளின் வரிசையில் எப்போதும் இருக்கும் நாடு அது. எல்லையை அது மூடவில்லை.

சாடின் எல்லை ஊர் அட்ரே. சூடான் போருக்கு முன் சுமார் 40,000 பேர் வாழ்ந்த சிற்றூர். எல்லைக்கு அந்தப் பக்கம் முப்பது கிலோமீட்டர் போல தள்ளி எல் ஜெனீனா நகரம். 2023 ஜூனில் அங்கே மசாலித் இன மக்களை, சூடான் ராணுவத்தோடு மோதிக்கொண்டிருந்த துரித ஆதரவுப் படையும் அதன் கூட்டாளிப் படைகளும் வேட்டையாடின. உயிர் பிழைத்தவர்கள் நடந்தும் கழுதை வண்டியிலும் அட்ரேக்கு வந்தார்கள். ஜூன் 15, 16, 17 ஆகிய மூன்று நாளில் மட்டும் அட்ரே மருத்துவமனைக்குக் காயம்பட்டு வந்தவர்கள் 850-க்கும் மேல். ஊரின் விளிம்பில் குச்சியும் துணியும் பிளாஸ்டிக்குமாகக் குடிசைகள் எழுந்தன. ஊர்க்காரர்களைவிட வந்தவர்கள் பல மடங்காகிவிட்டார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். ஆண்கள் எங்கே என்று கேட்க வேண்டியதே இல்லை. அட்ரேயில் எப்போதுமே தண்ணீர்ப் பஞ்சம். அதே கிணறு, அதே விறகுக்காடு, அதே மருத்துவமனை. அவ்வளவையும் அந்த ஊர்க்காரர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டார். சமையல் செலவை ஏற்பதாகச் சொன்ன உலகம் என்ன செய்தது?

உகாண்டாவோடு உலகம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலத்தையும் உரிமையையும் நீங்கள் கொடுங்கள், உணவுக்கும் பள்ளிக்கும் தண்ணீருக்கும் நாங்கள் பணம் தருகிறோம் என்பது அதன் சாரம். உதவியில் 30% அகதிகளைச் சுற்றியிருக்கும் உள்ளூர் மக்களுக்குப் போக வேண்டும் என்பதும் பேச்சு. 2017 ஜூனில் கம்பாலாவில் மாநாடு கூடியது. ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டெரஸே நேரில் வந்தார். 200 கோடி டாலர் கேட்டார்கள். தருவதாக வாக்குக் கிடைத்தது சுமார் 35.8 கோடி டாலருக்கு. அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் இதே கதைதான். கேட்ட தொகையில் பாதி வந்தாலே பெரிது.

2020 ஏப்ரலில் உலக உணவுத் திட்டம் உகாண்டா அகதிகளின் ரேஷனில் 30% வெட்டியது. அடுத்த ஆண்டு வெட்டு 40% ஆனது. 2023 ஜூலையில் குடும்பங்களை வகை பிரித்தார்கள். மிக நலிந்தவர்களுக்கு 60%, பெரும்பாலானவர்களுக்கு 30%, சிலருக்கு ஒன்றுமில்லை. 2025-ல் சுமார் 10 லட்சம் பேரின் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதிகப் பணம் கொடுத்துவந்த அமெரிக்கா, 2025 ஜனவரியில் புதிய அதிபர் பதவியேற்ற அன்றே வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலையில் தன் உதவி முகமையையே இழுத்து மூடியது. ஐரோப்பிய நாடுகளும் கையைச் சுருக்கிக்கொண்டன.

"நிலம்தான் கொடுத்திருக்கிறார்களே, விளைவித்துச் சாப்பிடட்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 22 சென்ட் என்றால் ஒரு ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உகாண்டாவில் சிறு விவசாயி ஒரு ஹெக்டேரில் சோளம் போட்டால், மழை கை கொடுத்தால், ஒரு டன் எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். வீடு, அடுப்படி, கழிப்பறை எதையும் கழிக்காமல் முழு நிலத்திலும் விதைத்தாலும் தேறுவது 90 கிலோ. தலைக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம் என்று வைத்தால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 60 கிலோ வேண்டும். ஒரு போகம் ஒன்றரை மாதத்துக்கு வரும். இரண்டு போகம் விளைந்தால் மூன்று மாதம். பிடிபிடியில் பல இடங்களில் மண்வெட்டியைப் போட்டால் கல்தான் தட்டுகிறது என்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

மீதி ஒன்பது மாதமும் எப்படிக் கழிகிறது? மூன்று வேளை இரண்டாகும், பிறகு ஒன்றாகும். பெண்கள் கூலிக்குக் களை எடுக்கப் போவார்கள். விறகு வெட்டி விற்பார்கள். அங்கேதான் உள்ளூர்க்காரர்களோடு உரசல் தொடங்குகிறது. கூரைக்கான புல்லும் அடுப்புக்கான விறகும் எல்லோருக்கும் பொது; அதுவும் ஆண்டுக்கு ஆண்டு தூரமாகப் போகிறது. விடிவதற்கு முன் கிளம்பிப் பல மைல் நடந்து, தலையில் கட்டோடு திரும்பும் பெண்ணை "எங்கள் காட்டில் ஏன் வெட்டினாய்" என்று மறிக்கும் ஆளும் ஏழைதான். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. தன் நிலத்தைக் கொடுத்தபோது அவருக்குப் பள்ளி, ஆஸ்பத்திரி, ஆழ்துளைக் கிணறு எல்லாம் வரும் என்று சொன்னார்கள். வந்ததும் கொஞ்சம் உண்டு. ஆனால், இன்று அவருடைய பிள்ளை படிக்கும் ஒன்றாம் வகுப்பில் நூறு பிள்ளைகளுக்கு மேல் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அடைக்கலம் தந்தவரின் பொறுமையைத்தான் உலகம் ஆண்டுக்கு ஆண்டு செலவழித்துக்கொண்டிருக்கிறது. அகதிகளின் பட்டினியைப் பேசுகிற நாம் இந்தப் பொறுமையைப் பற்றிப் பேசுவதே இல்லை. அது தீர்ந்துபோனால் எந்தச் சட்டமும் அவர்களைக் காப்பாற்றாது.

கென்யாவைப் பாருங்கள். 1991-ல் சோமாலியர்களுக்காகத் திறந்த டடாப், 1992-ல் சூடான் சிறுவர்கள் நடந்தே வந்துசேர்ந்த ககுமா இரண்டும் முப்பது ஆண்டுகளைக் கடந்த முகாம்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு. டடாபை மூடப்போவதாக 2016-ல் கென்யா அறிவித்தது. 2017 பிப்ரவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அது அரசமைப்புக்கு விரோதம் என்று தடுத்தது. அகதி என்றால் சுமை என்கிற பேச்சுக்கு நடுவில், 2018-ல் உலக வங்கிக் குழுமத்தின் நிறுவனம் ஒன்று ககுமாவை ஒரு சந்தையாகப் பார்த்து ஆய்வு செய்தது. அந்த முகாமிலும் பக்கத்து ஊரிலுமாக 2,000-க்கும் மேற்பட்ட கடைகள். ஆண்டுக்கு 5.6 கோடி டாலர் அளவுக்கு நுகர்வு. பக்கத்திலேயே கலோபெயெ குடியிருப்பில், மூட்டையில் தானியம் தருவதற்குப் பதிலாக 'பம்பா சக்குலா' என்று கைப்பேசியில் பணமாகவே போட்டார்கள். அந்தப் பணம் அன்றே பக்கத்துக் கடைக்குப் போனது. துர்கானா இனத்தவர் வளர்த்த ஆட்டுக்கும் எரித்த கரிக்கும் விலை கிடைத்தது. அதனால்தான் ரேஷனை வெட்டும்போது அகதியோடு சேர்ந்து கடைக்காரரும் ஆடு மேய்ப்பவரும் அடிபடுகிறார்கள். கடனுக்குக் கொடுத்த கடைக்காரர் முதலில் நொடிக்கிறார். பிறகு அவருக்குச் சரக்கு போட்டவர்.

பணம் களவுபோகிறதே என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். உகாண்டாவிலேயே நடந்தது. அகதிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுகிறார்கள் என்று 2018-ல் புகார் எழுந்தது, அதிகாரிகள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கைரேகை, கருவிழிப் பதிவோடு ஒவ்வொருவரையும் மறுபடி எண்ணினார்கள். 14 லட்சத்துக்கும் மேல் என்று சொல்லிவந்த கணக்கு 11 லட்சம் சொச்சத்தில் வந்து நின்றது. வெட்கக்கேடுதான். ஆனால், திருட்டைக் கண்டுபிடித்தார்கள், கணக்கைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகும் வெட்டு தொடர்ந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். திருடியது அதிகாரி, பட்டினி கிடப்பது 22 சென்ட்காரி.

எனக்கு நம்பிக்கை தருவது சூடானுக்குள்ளிருந்தே வருகிறது. 2023 ஏப்ரல் 15-ல் தளபதி அல் புர்ஹானின் ராணுவமும் ஹெமெட்டி தலைமையிலான துரித ஆதரவுப் படையும் மோதத் தொடங்கின. ஒரு கோடிப் பேருக்கு மேல் வீட்டை விட்டு ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் எல்லை தாண்டவே இல்லை; நாட்டுக்குள்ளேயே இடம் மாறி மாறி அலைகிறார்கள். சர்வதேச அமைப்புகள் வெளியேறிய ஊர்களிலும் அண்டை அயலார் கூடி 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் வேலையைக் கையிலெடுத்தார்கள். 2018-19 புரட்சியில் தெருத்தெருவாக உருவான குழுக்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். சூஃபி மடங்களின் அன்னதான மரபைப் பின்பற்றி 'தகாயா' என்ற பொதுச் சமையற்கூடங்களை நடத்தினார்கள். பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பெரிய அண்டா, அதில் பருப்போ அவரையோ. சட்டியோடு வரிசையில் பிள்ளைகள். எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று கேட்காமல் ஊற்றினார்கள். தொண்டர்களை இரு தரப்பும் பிடித்துப் போயின; கொல்லப்பட்டவர்களும் உண்டு. 2025-ல் நார்வேயின் ராஃப்தோ விருது அவர்களைத் தேடி வந்தது. அதே ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்கப் பணம் நின்றதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையற்கூடங்களில் அடுப்பு அணைந்தது.

2016-ல் கொடையாளி நாடுகளும் பெரிய தொண்டு அமைப்புகளும் 'பெரும் ஒப்பந்தம்' ஒன்றில் கையெழுத்திட்டன. 2020-க்குள் உதவிப் பணத்தில் கால் பங்கு உள்ளூர் அமைப்புகளுக்குப் போகும் என்றன. அதன் பக்கத்தில்கூட அவை வரவில்லை. தலைமையகம், விமானம், விடுதி, ஆலோசகர் என்று பணம் தேய்ந்து தேய்ந்து வரும்போது, அண்டாவைக் கிளறும் கைக்குச் சேர்வது கடைசிச் சொட்டு. உள்ளூர் அமைப்புகளுக்குக் கணக்கு எழுதத் தெரியாது என்பார்கள். கைப்பேசியில் வாங்கிய பணத்துக்குப் பருப்பு எத்தனை மூட்டை, விறகு எவ்வளவு என்று குண்டு மழைக்கு நடுவில் கணக்கு எழுதியவர்கள் அவர்கள்.

செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையேந்த வைக்காமல் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு உறுதியாகப் பணம் ஒதுக்க வேண்டும்; அப்போதுதான் ஒரு பள்ளி கட்டவும் ஓர் ஆசிரியரை நியமிக்கவும் முடியும். விளைநிலத்தை உள்ளூர்க்காரரிடம் குத்தகைக்கு எடுத்துத் தந்தால் அகதி விளைவிப்பார், நிலம் கொடுத்தவருக்கும் வருமானம் வரும். இதைச் சிறு அளவில் அவர்களே செய்துகொண்டிருக்கிறார்கள். உள்ளூர் மக்களுக்கென்ற அந்த 30% காகிதத்தில் தூங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்பு ரேஷனைத் திருப்பித் தர வேண்டும். பசித்தவரிடம் சுயசார்பு பற்றிப் பேசுவது கொடுமை.

இந்தியாவுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2013 டிசம்பரில் தெற்கு சூடானின் அகோபோவில் ஐ.நா. தளத்துக்குள் உயிர் தப்ப ஓடிவந்த மக்களைக் காக்க நின்று செத்தவர்கள் இந்திய வீரர்கள். இன்றும் ஆயிரக்கணக்கான இந்திய வீரர்கள் அந்த நாட்டின் அமைதிப்படையில் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் டெல்லியில்தான் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி-20-ல் நிரந்தர உறுப்பினரானது. அந்தக் கதவைத் திறந்துவிட்டதில் நாம் பெருமைப்பட்டோம். ஆனால், 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை; அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. ஆப்பிரிக்க நாடுகளோ 1969-லேயே அடிஸ் அபாபாவில் தங்களுக்கென ஓர் உடன்படிக்கை எழுதி, உலக வரையறையைவிட அகலமாகக் கதவைத் திறந்தன. தனிப்பட்ட முறையில் துரத்தப்பட்டவர் மட்டுமல்ல, நாட்டில் பொது ஒழுங்கு குலைந்ததால் ஓடிவந்தவரும் அகதியே என்றது அது. ஜூன் 20-ஐ உலக அகதிகள் தினமாக நாம் அனுசரிக்கிறோமே, அது முன்பு ஆப்பிரிக்க அகதிகள் தினமாக இருந்ததுதான். தினத்தை எடுத்துக்கொண்டது உலகம். சுமையை அவர்கள் தலையிலேயே விட்டுவிட்டது.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் உலக அகதிகள் மன்றம் அடுத்து 2027-ல் கூடும். இந்தியா அங்கே வெறும் பார்வையாளராக உட்கார்ந்துவிட்டு வரக் கூடாது. பெரிய தொகையை எடுத்துப்போகத் தேவையில்லை. யும்பேயில் இத்தனை வகுப்பறை, அட்ரேயில் இத்தனை ஆழ்துளைக் கிணறு, நான்கு ஆண்டுகளுக்கு இத்தனை டன் பருப்பு என்று பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளட்டும். ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கு இணையான அனுபவம் உலகில் அதிகம் பேருக்குக் கிடையாது. அந்த வண்டிகள் தோண்டிய கிணற்றுத் தண்ணீர் அட்ரேயில் அகதியின் குடத்திலும் ஊர்க்காரரின் குடத்திலும் ஒரே வரிசையில் நிரம்பட்டும்.